பசுமை என்னும் பெயர்ப்பலகை

தமிழில் இன்று மிக மலிவாக விற்கப்படும் சொல் எது என்று கேட்டால், 'பசுமை' என்றே சொல்வேன். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இச்சொல்லோடு ஒரு தனிக் கணக்கு உண்டு. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரியம் உப்பு கூடாது, புகை குறைந்த பட்டாசே செய்ய வேண்டும் என்றது. சிவகாசி ஆலைகள் அந்த ஆண்டின் இறுதியில் கதவடைத்துப் போராடின. பின்னர் 'பசுமைப் பட்டாசு' வந்தது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் அதற்கு ஓர் அளவு வகுத்தது: பழைய பட்டாசைவிடப் புகைத்துகள் குறைந்தது 30 விழுக்காடு குறைய வேண்டும். அந்த அளவு போதாது என்று வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆயினும் அளவு என்று ஒன்று இருக்கிறது. பட்டாசுப் பெட்டிக்கே அளவு கேட்ட நாம், 'பசுமை விடுதி' என்னும் பலகையைக் கண்டதும் வாய்மூடி நிற்பது ஏன்?

திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களுக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மின்வாரியக் கம்பியை எதிர்பாராது சூரிய ஒளியால் இயங்கும் விடுதிகள் வேண்டும், அவையே இவ்வட்டாரத்தின் எதிர்காலம் என்று வாதிடும் நண்பர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் ஐயுறவில்லை. கரிசல் பூமிக்கு வெயிலில் என்றும் பஞ்சமில்லை. ஆனால் கம்பி அறுந்தாற்போல் கடனும் அறுந்துவிடுமா? பகலில் தகடு தரும் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்துவைக்க மின்கலம் வேண்டும். ஈய மின்கலமாயின் சில ஆண்டுகளில் செத்துப்போகும். செத்த ஈயம் எங்கே போகிறது? மேகம் மூடிய ஐப்பசியில் அறைகளைக் குளிரூட்டுவது எது? கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகைக்குள் இரையும் டீசல் ஜெனரேட்டரைப் பற்றி விளம்பரம் பேசுவதில்லை.

மின்சாரத்தைவிடப் பெரிய கேள்வி தண்ணீர். பத்து அறை, அறைக்கு இருவர் என்று வைத்துக்கொள்வோம். நகரவாசிக்கு அரசு வகுத்த 135 லிட்டர் கணக்கில் நாளொன்றுக்கு 2,700 லிட்டர். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் சிற்றூர்வாசி ஒருவருக்கு வகுத்தது 55 லிட்டர். அதாவது இருபது விருந்தினர் 49 பேரின் பங்கைக் குடித்தும் குளித்தும் தீர்க்கிறார்கள். நீச்சல்குளம் இக்கணக்கில் சேராது. சூரிய ஒளியில் ஓடும் பம்புக்கு மின்கட்டணம் இல்லை. ஆகவே 'போதும்' என்று நிறுத்தவும் யாருமில்லை. ஆழ்துளைக் கிணற்றை வற்றடிப்பதற்குச் சூரியனும் துணைபோக முடியும்.

மலையடிவாரத்தில் உறிஞ்சும் நீர் கீழேயுள்ள ஊர்களின் நீர். வரத்துக்கால், மடை, கலுங்கு என்று ஒழுங்குசெய்து, ஒரு கண்மாய் நிறைந்தபின் அடுத்ததற்கு விட்ட மண் இது. நீர்ப்பாய்ச்சிக்கு ஊரே கூலி நெல் அளந்தது. பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீரைத் தேக்கச் சொன்ன குடபுலவியனாரைப் புறநானூற்று வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். வெளியே வந்தால் வரத்துக்காலில் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. மின்கம்பியே இல்லாத காலத்தில் நிலைத்து நின்ற இந்த ஏற்பாட்டைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு, நீடித்த வாழ்வைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்வது எவ்வகை நேர்மை?

காட்டின் கதையும் உண்டு. சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988இல் அமைந்தது. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. காட்டோரத்தில் விடுதிகள் பெருகினால் என்ன நேரும் என்பதற்கு நீலகிரியின் சீகூர் சமவெளி சான்று. 2018இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி அங்கே பல விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டன; 2020 அக்டோபரில் யானை வழித்தடம் செல்லுபடியாகும் என்று அந்நீதிமன்றம் உறுதிசெய்தது. இயற்கையைக் காட்டுவதாகச் சொல்லியே பணம் பெற்ற இடங்கள் யானையின் வழியை மறித்து நின்றன.

"பட்டாசு ஆலையில் உயிரைப் பணயம் வைப்பதைவிட விடுதி வேலை மேலல்லவா?" என்று கேட்பார்கள். மேல்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை அறிந்த எவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால் பத்து அறை விடுதி எத்தனை பேருக்கு வேலை தரும்? நிலத்தை விற்றவர் அதே நிலத்துக்குக் காவலாளியாக நிற்பதை மாற்றுத் தொழில் என்று சொல்வதற்கு மனம் கூசவேண்டும். வெடிவிபத்தில் மாண்டவர்களை விடுதியின் விளம்பரத்துக்குச் சாட்சியாக அழைப்பதற்கும்தான்.

மாற்று இல்லையா? இருக்கிறது. ஆரோவில்லில் 2003இல் தொடங்கிய சாதனா வனம் மண் அரித்துப்போன எழுபது ஏக்கரில் உருவானது. அவர்கள் முதலில் செய்தது மழைநீரை வாய்க்கால் வரப்பு வெட்டி நிலத்திலேயே நிறுத்தியது. உலர்வெப்பப் பசுமைமாறாக் காட்டின் நாட்டு மரங்களை நட்டது. மின்சாரம் சூரியனிடமிருந்து, கழிப்பறை எருவாக்கும் உலர் கழிப்பறை, தங்க வருபவர் மண்வெட்டி பிடிக்க வேண்டும். அங்கே காடு முதலில், விருந்தினர் பிறகு. நம் விளம்பரங்களிலோ வரிசை தலைகீழ்.

ஆகவே நம் கோரிக்கை எளிது. 'பசுமை' என்று பலகை வைப்பவர் வாயிலிலேயே நான்கு கணக்குகளையும் எழுதி வைக்கட்டும்: நாள்தோறும் இறைத்த நீர், எரித்த டீசல், செத்த மின்கலம் போன இடம், உள்ளூர்க்காரர்க்குத் தந்த ஊதியம். அத்துடன் எந்தக் கண்மாயின் நீரை எடுக்கிறாரோ அதன் வரத்துக்காலைத் தூர்வாரும் பொறுப்பையும் ஏற்கட்டும். இவற்றுக்கு உடன்படுபவர் விடுதி நடத்தட்டும். நாமே விருந்தினராகப் போவோம். உடன்படாதவர் தாராளமாக விடுதி நடத்தலாம். 'பசுமை' என்ற சொல்லை மட்டும் தமிழிடம் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.