அண்ணனின் வளவும் அண்ணன்மாரின் வளவும்

சென்ற மாரி விடுமுறையில் ஊர்காவற்றுறையில் தங்கை வீட்டு விறாந்தையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். தரம் 9இல் படிக்கும் அவளுடைய மகள் தன் ஆங்கிலப் பயிற்சிக் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். 'அப்பாவின் வள்ளம்', 'மாணவிகளின் சைக்கிள்கள்', 'மேசையின் கால்' என மூன்று தொடர்களை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். மூன்றின் மீதும் சிவப்புக் கோடு. முதலாவதில் பிள்ளை எந்தக் குறியும் இடாமல் 'மை பாதர் போட்' என்று எழுதியிருந்தாள். இரண்டாவதில் எஸ் எழுத்துக்குப் பின் நிற்கவேண்டிய குறி அதற்கு முன் நின்றது. மூன்றாவதில் 'ஒவ்' என்ற சொல்லைக்கொண்டு எழுதியிருந்தால் தொல்லை இருந்திராது. அங்கே வலிந்து ஒரு குறியை இட்டிருந்தாள்.

"மாமா, இந்தக் கொமாவை எங்க போடுறது எண்டு ஆருக்குமே வடிவாத் தெரியாது போல கிடக்கு" என்றாள்.

அவள் 'கொமா' என்றது எழுத்தின் தலைக்குமேல் நிற்கும் அபொஸ்ற்றபி என்னும் குறியை. ஆங்கிலேயருக்கே அது எங்கே வரும் என்பதில் ஐயம் உண்டு என்று சொல்லி அவளைத் தேற்றினேன். லண்டன் மரக்கறிக் கடைப் பலகைகளைப் பார்த்தவர்கள் நான் சொல்வதை நம்புவார்கள்.

ஆனால் அந்தச் சிவப்புக் கோடு என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது. அவளுடைய முதலாவது பிழை உண்மையில் நல்ல தமிழ். 'முருகன் கோயில்', 'கண்ணன் கை' என்று சொல்லும்போது நாம் எந்த உருபையும் இடுவதில்லை. இதை ஆறாம் வேற்றுமைத் தொகை என்று இலக்கணம் கூறும். உருபு மறைந்து நிற்கும். மறைந்த இடத்தில் தமிழ் எந்த அடையாளத்தையும் விடாது. ஆங்கிலம் அவ்வாறு செய்வதில்லை. பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட 'எஸ்' ஒலிக்கு முன் ஓர் உயிரெழுத்து இருந்தது. காலப்போக்கில் அது தேய்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சுமுறையிலிருந்து வந்த இந்தக் குறி, விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டப் பயன்பட்டது. பன்மைச் சொல்லின் பின்னால் அதை வைக்கும் வழக்கம் நிலைபெறப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியாயிற்று. தமிழ்ப் பிள்ளை குறியை மறக்கிறாள் என்றால், தன் மொழியின் வழக்கத்தை அவள் மறக்கவில்லை என்பதே பொருள். இதை ஆசிரியர் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் சிவப்புக் கோடு ஒரு பாடமாகியிருக்கும்.

இன்னொன்று, 'ஹாவ்' என்ற வினை. தமிழில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. 'எனக்கு இரண்டு தம்பிமார்' என்கிறோம். 'என்னிடம் நூறு ரூபாய் இருக்கிறது' என்கிறோம். உறவுக்கு நான்காம் வேற்றுமை. கையிலிருந்து நாளை போய்விடக்கூடிய காசுக்கு ஏழாம் வேற்றுமை. ஆங்கிலமோ தம்பியையும் ரூபாயையும் ஒரே வினையால் அள்ளிவிடுகிறது. நம் பிள்ளை 'டு மீ ரூ பிரதர்ஸ் ஆர் தெயர்' என்று எழுதுவது மந்தத்தால் அன்று. அவள் மொழி இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதால்தான்.

நன்னூலார் ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என இரண்டாக வகுத்தார். சாத்தனது கை தற்கிழமை; சாத்தனிலிருந்து பிரியாதது. சாத்தனது வீடு பிறிதின் கிழமை. இன்று அவனுடையது, நாளை மற்றொருவனுடையது. உருபிலும் ஒரு புதுமை உண்டு. உடைமைப் பொருள் ஒன்றானால் 'அது', பலவானால் 'அ' என்பது பழைய விதி. தமிழ் உடைமையை எண்ணியது. ஆங்கிலக் குறியோ உடையவரை எண்ணுகிறது; உடையவர் ஒருவரானால் எஸ்ஸுக்கு முன், பலரானால் பின். என் மருமகள் இடறிய இடம் இதுதான். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டத்துக்குப் படித்த எனக்கே இந்த ஒப்புமை தோன்ற முப்பது ஆண்டுகள் எடுத்தன, எவரும் சொல்லித்தரவில்லை.

'எனது மகன்' என்று எழுதினால் பழைய பண்டிதர் கோபிப்பார். 'அது' உருபு அஃறிணை உடைமைக்கே உரியது. உயர்திணையானால் 'மகனுக்கு நான் உடையவன்' என்ற தொனி வந்துவிடுமோ என்னவோ, தொல்காப்பியர் அங்கே 'அது' நீங்கிக் 'கு' வரும் என்றார். மனிதரை உடைமையாகச் சொல்ல இலக்கணம் கூசியது. ஆனால் யாழ்ப்பாணத்துச் சட்டம் அவ்வளவு கூசவில்லை. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக்கிய தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என உடைமை மூவகைப்படும். சீதனமாக வந்த காணி மனைவியுடையதே. ஆனால் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அதை அவள் விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லையேல் நீதிமன்றம் ஏறவேண்டும். 'மனைவியின் காணி' என்பதிலுள்ள 'இன்' உருபின் வலு இவ்வளவுதானா என்று பெண்கள் கேட்கலாம்.

தீவகத்தார் உடைமையில் உறுதியானவர்கள். நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றிப் பவளக்கல் மதில்கள் நிற்கின்றன. பனையோலை வேலியுள்ள ஊர்களில் கதியாலை ஒரு விரற்கடை நகர்த்தினாலே வழக்கு. வேற்று நாட்டாரும் இங்கே உடைமை நாட்டினர். ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம் எனத் தம் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து ஒட்டினர்; டெல்ஃப்ற் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான கயிற்ஸ், போர்த்துக்கேயரின் 'யானைகளின் துறை' என்ற தொடரிலிருந்து வந்ததென்பர். யானைகளும் போயின, 'யானைகளின்' என்ற சொல்லும் போயிற்று. துறை மட்டும் மிஞ்சியது.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்துள் நுழைந்தபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் திரும்பவில்லை. இன்று புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரையில்லா வீடுகளின் உரிமையாளர்கள் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். காணிக் கருமங்களுக்கு அங்கிருந்து வரும் அற்றோணித் தத்துவங்கள் பல ஆங்கிலத்தில் வருகின்றன. அங்கேதான் அந்தக் குறி கதியாலாகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் ஒருவருக்கு வந்த பத்திரத்தில் 'என் அண்ணன்மாரின் பங்கு' என்று இருக்கவேண்டிய இடத்தில் குறி ஓர் எழுத்து முன்னால் விழுந்து 'என் அண்ணனின் பங்கு' ஆகிவிட்டது. அண்ணன்மார் மூவர். "எந்த அண்ணன்?" என்று நொத்தாரிசு கேட்டார். கேட்டது நியாயமே. புதுப் பத்திரம் வந்துசேர நான்கு மாதங்கள். அதற்குள் மூவருக்கும் இடையே பேச்சும் குறைந்துவிட்டது.

ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்று வாதிடுவோர் உண்டு. தமிழில் சிந்தித்தால் ஆங்கிலம் வராது என்பர். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பதினான்கு வயதுப் பிள்ளை ஏற்கெனவே தமிழில்தான் சிந்திக்கிறாள். அதை மறைப்பதால் ஒழியாது. 'எங்கட', 'என்ர', 'அவையின்ர' என்று நாள் முழுவதும் உடைமையைப் பிசகாமல் பேசும் பிள்ளையிடம் அந்த அறிவிலிருந்து தொடங்காமல், வெறும் குறியைக் காட்டி மனப்பாடம் செய் என்பது என் பார்வையில் வீண்வேலை. இதே ஊர்காவற்றுறையின் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், பன்மொழி கற்றபின்பே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் படித்தார். பின்னர் 1952 முதல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில இதழை நடத்தினார். ஒரு மொழி மற்றொன்றுக்கு இடைஞ்சல் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

கொப்பியை மூடுமுன் மருமகள் ஒரு சந்தேகம் கேட்டாள். "மாமா, 'பக்கத்து வளவு ஆற்ற?' எண்டு இங்கிலீசில எப்பிடிக் கேக்கிறது?"

'ஹூஸ்' என்று எழுதிக் காட்டி, அதில் குறி வராது என்றேன். பக்கத்து வளவில் வீட்டுச் சுவரைப் பிளந்து ஆலங்கன்று ஒன்று வளர்ந்திருந்தது. யாருடையது என்று எனக்கும் திட்டமாகத் தெரியவில்லை. உள்ளேயிருந்த தங்கையைக் கேட்டேன். அவள் விரல் மடித்து எண்ணிக்கொண்டே வந்தாள். எட்டுப் பேர், நாலு நாடு.

"அப்ப குறி எஸ்ஸுக்குப் பிறகுதான் வரும்" என்றாள் பிள்ளை.