நீக்க மூன்றில் இரண்டு பங்கு. மாற்ற ஒரே ஓர் ஆணை
நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பதவியிலிருந்து நீக்குவது எளிதான செயல் அன்று. மக்களவையில் 100 உறுப்பினர்களோ, மாநிலங்களவையில் 50 உறுப்பினர்களோ கையெழுத்திட்டு நோட்டீஸ் தர வேண்டும். மூவர் குழு விசாரிக்க வேண்டும். குற்றச்சாட்டு உறுதியானால், இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் தீர்மானத்தை ஆதரிக்க வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இதே நடைமுறைதான். 1993 மே மாதம் நீதிபதி வி. ராமசாமிக்கு எதிரான தீர்மானத்தை மக்களவையில் 196 பேர் ஆதரித்தனர். 205 பேர் வாக்களிக்காமல் இருந்துவிட்டனர். தீர்மானம் தோற்றது.

ஆனால், உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற, அரசியல் சட்டத்தின் 222-வது பிரிவின் கீழ் ஓர் ஆணை போதும். நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. அந்த நீதிபதியின் ஒப்புதலும் தேவையில்லை. இந்த இரண்டு நடைமுறைகளுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டுவது, நீதிபதி ஜெயந்த் படேலின் ஏறத்தாழ 16 ஆண்டுப் பணி வாழ்க்கை.

பெங்களூரில் முடிந்த பயணம்

2001 டிசம்பரில் குஜராத் உயர் நீதிமன்ற நீதிபதியானவர் ஜெயந்த் படேல். அவர் பெயரை நாடறியச் செய்தது இஷ்ரத் ஜஹான் வழக்கு. 2004 ஜூன் மாதம் ஆமதாபாத் அருகே இஷ்ரத் உள்பட நால்வர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அது உண்மையான மோதல் அல்ல என்று சிறப்புப் புலனாய்வுக் குழு அறிக்கை அளித்ததைத் தொடர்ந்து, படேலும் நீதிபதி அபிலாஷா குமாரியும் அடங்கிய அமர்வு, 2011 டிசம்பரில் விசாரணையை சிபிஐ வசம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டிருந்த போலீஸ் அதிகாரிகளில் எஞ்சியிருந்தவர்களை 2021-இல் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்துவிட்டது. எனினும், சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று மாநில அரசின் விருப்பத்துக்கு மாறாக 2011-இல் உத்தரவிட்டது, ஓர் உயர் நீதிமன்றம் செய்ய வேண்டிய கடமையே.

2015 ஆகஸ்டில் படேல் குஜராத்தின் பொறுப்புத் தலைமை நீதிபதியானார். 2016 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டார். அங்கு தலைமை நீதிபதி எஸ்.கே. முகர்ஜி 2017 அக்டோபர் 9-ஆம் தேதி ஓய்வு பெறவிருந்தார். அடுத்த நிலையில் இருந்த படேல், பொறுப்புத் தலைமை நீதிபதியாவார் என்று எதிர்பார்க்கப்பட்டது. அதற்குச் சில நாள்களே இருந்தபோது, அவரை அலாகாபாதுக்கு மாற்றக் கொலீஜியம் முடிவு செய்தது. அங்கு பணி மூப்பில் அவருக்கு மூன்றாவது இடம். ஓய்வுக்கு இன்னும் பத்து மாதங்கள் இருந்த நிலையில், செப்டம்பர் 25-ஆம் தேதி அவர் பதவியைத் துறந்தார்.

குஜராத்திலும் கர்நாடகத்திலும் வழக்கறிஞர்கள் பணியைப் புறக்கணித்தனர். இஷ்ரத் வழக்கின் உத்தரவுக்கு இது தண்டனையா என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுப்பப்பட்டது. அதற்கு ஆம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் தரப்படவில்லை. மாற்றத்துக்கான காரணம் வெளியிடப்படாததே இதற்குக் காரணம்.

நெருக்கடி நிலையின் பாடம்

பெங்களூர் உயர் நீதிமன்றத்துக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1975 ஜூன் 26-ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, எஸ்.என். மிஸ்ரா ஆகியோர் அந்நகரில் கைதாயினர். நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் கூட்டத்துக்காக அங்கு சென்றிருந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஆள்கொணர்வு மனுக்களை ஏற்கவே கூடாது என்ற அரசின் வாதத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் நிராகரித்தது. பின்னர், 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு நாடெங்கும் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் மாற்றப்பட்டனர். கர்நாடகத்தின் டி.எம். சந்திரசேகர் அலாகாபாதுக்கும், சதானந்தசாமி குவாஹாட்டிக்கும் அனுப்பப்பட்டனர்.

குஜராத்திலிருந்து ஆந்திரத்துக்கு மாற்றப்பட்ட சங்கல்சந்த் சேத் மட்டும் வழக்குத் தொடுத்தார். நீதிபதியின் ஒப்புதல் இன்றியும் மாற்றலாம். ஆனால் பொதுநலனுக்காக மட்டுமே, தலைமை நீதிபதியுடன் உண்மையான கலந்தாலோசனைக்குப் பிறகே மாற்றலாம், தண்டனையாக மாற்றக் கூடாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆட்சி மாறியபின் சந்திரசேகர் கர்நாடகத்துக்கே தலைமை நீதிபதியாகத் திரும்பினார் என்பது குறிப்பிடத்தக்கது. படேலுக்கு அத்தகைய திரும்புதல் வாய்க்கவில்லை.

1993, 1998 தீர்ப்புகளுக்குப் பின் மாற்றும் அதிகாரம் அரசின் கையிலிருந்து கொலீஜியத்தின் கைக்கு மாறியது. நீதித்துறையைக் காக்க நேர்ந்த மாற்றம் இது. அரசு செய்தால் பழிவாங்கல் என்று ஐயப்படலாம். நீதிபதிகளே செய்தால் ஐயம் எழாது என்பது நம்பிக்கை. ஆனால் ஐயம் கை மாறியதே தவிர, தீரவில்லை.

சென்னை கண்ட இருவர்

படேல் விலகிய அடுத்த வாரமே, அக்டோபர் 3-ஆம் தேதி, கொலீஜியம் தன் தீர்மானங்களை இணையதளத்தில் வெளியிட முடிவெடுத்தது. எனினும், 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமணி, 75 நீதிபதி இடங்கள் கொண்ட சென்னையிலிருந்து மிகச் சிறிய மேகாலய உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டபோது, "சிறந்த நீதி நிர்வாகம்" என்பதற்கு மேல் தீர்மானத்தில் விளக்கம் இல்லை. மறுபரிசீலனை கோரினார், மறுக்கப்பட்டது, விலகினார். 2021-இல் சஞ்சீப் பானர்ஜி, சென்னையில் பதவியேற்ற சுமார் பத்து மாதங்களில் அதே மேகாலயத்துக்குச் சென்றார். தமிழக வழக்கறிஞர்கள் இரு முறையும் கேட்டது ஒரே கேள்வி: காரணம் என்ன?

மாற்றமே கூடாது என்பது வாதமன்று. உள்ளூர் உறவுகளும் செல்வாக்கும் தீர்ப்பில் நிழலாடாமல் இருக்க இடமாற்றம் சில வேளைகளில் அவசியம். காரணத்தை வெளியிட்டால் நீதிபதியின் பெயர் கெடும் என்பதும் கொலீஜியம் தரப்பில் சொல்லப்படும் நியாயம். ஆனால் காரணம் சொல்லப்படாத மாற்றத்தில், குற்றமற்றவரும் குற்றமுள்ளவரும் ஒரே ஐயத்துக்கு ஆளாகின்றனர். நல்ல பெயரைக் காப்பதாகச் சொல்லப்படும் மௌனமே அந்தப் பெயரைக் கெடுக்கிறது.

பொம்மனஹள்ளிக்கு என்ன?

நீதிபதிகளின் பணி விவகாரம் பாமரரை எப்படிப் பாதிக்கும் என்று கேட்கலாம். பெங்களூரின் தென்பகுதியில், ஓசூர் சாலையில் உள்ள பொம்மனஹள்ளியை எடுத்துக்கொள்வோம். தமிழர்களும் கணிசமாக வாழும் பகுதி. வருங்கால வைப்பு நிதி விதி மாற்றத்தை எதிர்த்து 2016 ஏப்ரலில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் திரண்டெழுந்த இடம். இங்குள்ள தொழிலாளி ஒருவர் பணிக்கொடைக்காகவோ, சிறு வீட்டுமனைக்காரர் ஒருவர் பட்டாவுக்காகவோ வழக்காடினால், மேல்முறையீடு போய்ச் சேருமிடம் விதான சௌதாவுக்கு எதிரே உள்ள உயர் நீதிமன்றம். தில்லி வரை வந்து வழக்கு நடத்த வசதியற்ற அவர்களுக்கு அதுவே கடைசி நீதிமன்றம். எதிர்த்தரப்பில் அரசோ பெரிய நிறுவனமோ இருந்தாலும், நீதிபதி பின்விளைவைப் பற்றிச் சிந்திக்காமல் தீர்ப்பெழுதுவார் என்பதுதான் அவர்களுக்கு உள்ள ஒரே பலம். தீர்ப்புக்குப் பின் எந்த ஊருக்கு அனுப்பப்படுவோமோ என்ற எண்ணம் ஒரு நீதிபதிக்கு வருமானால், இழப்பு அவருக்கு அல்ல, அவர்களுக்கே.

நாடாளுமன்றத்தின் கட்டுண்ட கைகள்

நாடாளுமன்றம் இதைக் கேட்க முடியாதா? 121-வது பிரிவு, பதவி நீக்கத் தீர்மானத்தின்போது தவிர வேறெப்போதும் நீதிபதியின் நடத்தையை அவையில் விவாதிப்பதைத் தடுக்கிறது. இடமாற்றம் பற்றி உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினால், பொதுநலனுக்காகவும் சிறந்த நீதி நிர்வாகத்துக்காகவும் செய்யப்படுகிறது என்ற நடைமுறைக் குறிப்பின் வாசகமே சட்ட அமைச்சகத்தின் விடையாக வருகிறது. நியமனம், மாற்றம் இரண்டையும் ஓர் ஆணையத்திடம் ஒப்படைக்க 2014-இல் இரு அவைகளும் நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தத்தை, 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நீதித்துறையில் அரசின் கை நுழையக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் கவலை நியாயமானது. ஆனால் அதன் பிறகு, தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் கொலீஜியத்துக்கே உரியது.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. மாற்றத்துக்கு முன் அந்த நீதிபதியின் விளக்கம் எழுத்தில் பெறப்பட வேண்டும். காரணம் பதிவு செய்யப்பட வேண்டும்; அவர் விரும்பினால் அது வெளியிடப்பட வேண்டும். ஓய்வுக்கு ஓராண்டுக்குள்ளும், தலைமைப் பொறுப்பு ஏற்கும் தறுவாயிலும், தவிர்க்க முடியாத காரணமின்றி எவரையும் மாற்றுவதில்லை என்ற விதி வேண்டும். இவற்றுக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஐந்து நீதிபதிகளின் தீர்மானம் போதும்.

நீதிபதியை நீக்கும் வாயிலில் அரசியல் சட்டம் வலுவான காவல் வைத்திருக்கிறது. இடமாற்ற வாயிலில் காவலே இல்லை. 1976-இல் அந்த வாயிலைப் பயன்படுத்தியது அரசு. இப்போது அதன் சாவி நீதித்துறையிடமே இருக்கிறது. அதைப் பூட்டுவதும் திறந்தே விடுவதும் நீதித்துறையின் பொறுப்பு.