யார் கையில் இருந்தால் அது ஆயுதம்?

காரைக்காலிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அரை மணி நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். எல்லையில் வண்டியை நிறுத்திச் சோதிப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. சரக்குப் பாட்டில் கடத்துகிறோமா என்று பார்ப்பார்கள். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிலம்பப் போட்டிக்காக எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேரை வேனில் அழைத்துக்கொண்டு போனேன். பாட்டில் தேடிய கைக்கு மான்கொம்பு அகப்பட்டது.

மான்கொம்பு என்றால் நடுவில் கைப்பிடி, இரண்டு பக்கமும் எதிரெதிராக நீளும் கூர்முனை. மடு என்றும் சொல்வார்கள். முன்பு நிஜமான மான் கொம்பில் செய்தார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம் என்பதால் இப்போது இரும்பில் அடிக்கிறார்கள். பிள்ளைகள் பழகுவதற்கானது என்பதால் முனையை நானே உட்கார்ந்து அரத்தால் மழுக்கியிருந்தேன்.

"எந்த ஊரு?" என்றார் காவலர். சொன்னோம். "ஊர்ல எந்தத் தெரு?" என்பது அடுத்த கேள்வி. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒளிக்காமல் தெருப் பெயரைச் சொன்னது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய தொனியே மாறிவிட்டது. "இத வச்சு யார வெட்டப் போறீங்க?"

போட்டிக்கான கடிதத்தைக் காட்டினேன். நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். பிள்ளைகளைக் கம்போடு வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் எங்களைத் தாண்டி ஒரு கார் போனது. பின்கண்ணாடி முழுக்க ஒட்டுப்படம்: குறுக்காக இரண்டு அரிவாள், ஒரு மீசை, கீழே சாதிப் பெயர். கை காட்டி அனுப்பினார்கள். அந்த வண்டிக்குள் உண்மையான அரிவாள் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ஒரே இரும்பு, ஒரே உலை, ஒரே சம்மட்டி. ஒருவர் கையில் இருந்தால் மரபு, இன்னொருவர் கையில் இருந்தால் முன்விரோதம். எது ஆயுதம் என்பதை இரும்பு முடிவு செய்வதில்லை என்றால், வேறு எது முடிவு செய்கிறது?

பட்டறையில் எரியும் உலை

எங்களுக்கு மான்கொம்பு அடித்துக் கொடுப்பவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு கொல்லர். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். என் தாத்தா அவருடைய அப்பாவைக் கையைக் கட்டிக்கொண்டு 'ஆசாரியய்யா' என்று கூப்பிட்டவர். பட்டறைக்கு வெளியே நின்று அரிவாளை வாங்கியவர்.

பழைய லாரிப் பட்டையை வெட்டி, கரி உலையில் பழுக்க வைத்து, அடித்து நீட்டி, பதம் பார்த்துத் தண்ணீரில் துவைச்சல் கொடுப்பார். துவைச்சல் கூடினால் கத்தி கண்ணாடி போல உடையும், குறைந்தால் முனை மடங்கும். இரும்பின் நிறத்தைப் பார்த்தே அந்த நொடியைச் சொல்லிவிடுவார். பூண் மாட்டி, பூவரசங்கட்டையில் பிடி போட்டுக் கையில் கொடுத்தால், எடை எந்தப் பக்கமும் சாயாது.

அவர் பிழைப்பு வெட்டரிவாளில் இல்லை, கதிர் அரிவாளில் இருந்தது. டெல்டாவில் ஒவ்வொரு அறுவடைக்கு முன்னும் கருக்கு வெட்டிக் கொடுக்கப் பட்டறை வாசலில் கூட்டம் நிற்கும் என்பார். அறுவடை இயந்திரம் வந்தது. கதிர் அரிவாளுக்கு ஆள் இல்லை. பிடித்திருந்த எங்கள் பெண்களின் கைகளுக்கும் வேலை இல்லை. உலையும் சேரியும் ஒரே ஆண்டுகளில்தான் வேலை இழந்தன.

இப்போது அவரிடம் வரும் புது வாடிக்கையாளர்கள் வேறு. கைப்பேசியில் படம் காட்டி, 'வீரத் தமிழன் கத்தி' அடித்துத் தரச் சொல்கிறார்கள். தற்காப்புக் கலை ஆர்வலர், சேகரிப்பாளர், பிறந்தநாளுக்கு வாளால் கேக் வெட்டிப் படம் போடுகிறவர் என்று பல ரகம். இணையத்தில் கையால் அடித்த கத்திக்கு ஆயிரக்கணக்கில் விலை. இவர் கைக்கு வருவது கூலி. "பிடியில சாதிப் பேரு பொறிச்சுக் குடுங்கன்னு ஒருத்தன் வந்தான். எழுத்து பொறிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தார். அவருக்கு நன்றாகவே தெரியும். பட்டறைக் கதவில் தன் பேத்தி பெயரை உளியால் வெட்டி வைத்திருக்கிறார்.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லரும் உண்டு, ஆயுதம் செய்பவரும் தனியாக உண்டு. இரண்டு தவணையாக 3 லட்சம் ரூபாய் வரை கடன் என்கிறார்கள். குடும்பத் தொழில் என்ற நிபந்தனை குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அதை ஏற்க மறுத்தது. சாதிப் பாகுபாடு இல்லாத திட்டம் என்று கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. நான் கேட்பது எளிது: எங்கள் தெருப் பெண் ஒருத்தி இந்தப் பட்டறையில் சம்மட்டி பிடிக்க விரும்பினால் எந்தத் திட்டம் அவளுக்குக் கடன் கொடுக்கும்? உலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதைச் சாதியிலிருந்து கழற்றித்தான் காப்பாற்ற முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே என்று வடிவமைக்கப்பட்ட பொருட்களை 'ஆயுதம்' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. லத்தியும் சாதாரணக் கைத்தடியும் அதற்கு அந்தச் சட்டமே தரும் உதாரணங்கள். அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டுக் கருவிகளைத் தனி வகையாகப் பட்டியலிடுகின்றன. அங்கும் வீடு, வேளாண்மை, தொழிற்சாலை, அறிவியல் ஆகியவற்றுக்கானவை விலக்கு.

ஆக, கேள்வி நீளம் மட்டும் இல்லை, 'எதற்காகச் செய்தது' என்பதும்தான். சாலையில் நிற்கும் காவலர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? எங்களிடம் கண்டுபிடித்தது போலத்தான். தெருப் பெயரைக் கேட்டு.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் கறுஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு தெருவில் நின்று காவல்துறையைக் கண்காணித்தார்கள். அதுவரை அங்கே அது சட்டப்படி சரியாக இருந்தது. 1967இல் கலிபோர்னியா அரசு அவசரமாகச் சட்டத்தை மாற்றியது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். பிரேசிலில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வளர்த்த கபோயரா கலையை 1890ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் குற்றமாக்கியது. இன்று அதே கலை அந்த நாட்டின் பெருமை. இங்கே பிரிட்டிஷாரின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்கு தந்தது. ஆளுகிறவர்களின் கையில் உள்ளதை ஒழுங்கு என்பார்கள், ஆளப்படுகிறவர்களின் கையில் உள்ளதை அச்சுறுத்தல் என்பார்கள்.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் இதைத்தான் கேட்டார். இவ்வளவு கொடுமையைத் தாங்கிய மக்கள் இந்தியாவில் ஏன் ஒரு சமூகப் புரட்சி செய்யவில்லை? நால்வருண முறை அவர்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் சேர்த்தே பறித்துவிட்டது என்பது அவர் சொன்ன விடை. இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

வெண்மணியிலிருந்து நாங்குநேரி வரை

கீழவெண்மணி எங்களுக்குப் பாடப்புத்தக ஊர் இல்லை, பக்கத்து மாவட்டம். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக, செங்கொடி ஏற்றியதற்காக, 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. எங்கள் மக்களிடம் இருந்தது கல். வயலில் நாள் முழுக்க அரிவாள் பிடித்த கைகள்தான் அவை. அரிவாள் கையில் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதை எரிந்த அந்தக் குடிசை சொல்கிறது. நிலமும் நீதிமன்றமும் யார் பக்கம் என்பது 1973இல் தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டியது அரிவாள். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரை நடுரோட்டில் வெட்டியது அரிவாள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டியவர்கள், கூடப் படித்த மாணவர்கள். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் கொல்லப்பட்டதும் அரிவாளால்தான். இந்த அரிவாள்கள் எந்தச் சோதனைச் சாவடியிலும் சிக்கவில்லை.

அதனால்தான் சினிமா சுவரொட்டியிலும் காரின் பின்கண்ணாடியிலும் இருக்கும் அந்த அரிவாளை என்னால் 'மண்ணின் அடையாளம்' என்று ரசிக்க முடிவதில்லை. 'நம்ம ஆளுங்களும் அரிவாளோட படம் போடணும்' என்று சொல்லும் நம் தம்பிகளையும் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களோடு உடன்பட முடியாது.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிலம்பம் பழக்குகிறேன். முதல் மூன்று மாதம் காலடி மட்டும்தான். கம்பைத் தொட விடமாட்டேன். எப்படி விலகுவது, எப்படித் தூரத்தை வைத்திருப்பது, எப்போது ஓடுவது என்பதுதான் முதல் பாடம். கத்தியைப் பற்றி நான் சொல்வது ஒன்றுதான்: இடுப்பில் கத்தி வைத்திருப்பவன் சண்டையைத் தவிர்க்க மாட்டான். அந்த நம்பிக்கையே அவனை நிற்க வைத்துவிடும். கத்திச் சண்டையில் ஜெயித்தவன் சிறைக்குப் போவான், தோற்றவன் சவக்கிடங்குக்குப் போவான். நம் பிள்ளை என்றால், ஜெயித்தாலும் தோற்றாலும் வழக்கு அவன் மீதுதான்.

'அப்படியானால் அடி வாங்கிக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்களா அக்கா?' என்று கேட்கிறார்கள். இல்லை. தற்காப்பு நம் உரிமை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைச் சொல்கின்றன. ஆனால் உரிமை, தாக்குதலின் அளவோடு நிற்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. அந்த அளவைத் தெரிந்த உடம்புதான் பயிற்சி பெற்ற உடம்பு.

நம் இயக்கத் தோழர்களே அதிகம் பேசாத இன்னொன்று இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும் என்கிறது. தேவை என்று கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்றும் சொல்கிறது. ஆம், இந்திய அரசின் விதிதான் இது.

எல்லோரும் துப்பாக்கி வாங்குங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்கு அந்த விதியின் முதல் பாதிதான் முக்கியம். மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: இந்த மாவட்டத்தில் எத்தனை உரிமங்களை ரத்து செய்தீர்கள்? எங்களுக்கு ஆபத்து என்று அடையாளம் காட்டிய ஊர்களில் யாரிடம் எத்தனை துப்பாக்கிகள் இருக்கின்றன? அவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கவும் மாட்டீர்கள், எங்களுக்குப் பாதுகாப்பும் தர மாட்டீர்கள், சிலம்பக் கம்போடு போகும் எங்கள் பிள்ளையை மட்டும் படம் எடுப்பீர்கள் என்றால், அது எந்தச் சட்டம்?

சிலம்பம் இன்று அரசு ஏற்ற விளையாட்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் காட்சி விளையாட்டாக அது மேடை ஏறியது. அந்த மேடைக்குப் போகும் பாதை எங்கள் தெருவிலிருந்தும் தொடங்க வேண்டும். சேரிக்குள் ஒரு திடல், விளக்கு, பயிற்சியாளருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்கு அடையாள அட்டை. சாவடியில் நிற்கும் காவலர் தெருவைக் கேட்காமல் அட்டையைக் கேட்கட்டும்.

அன்று நாங்கள் போட்டிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பிள்ளைகளின் சுற்று முடிந்துவிட்டது. தெருப் பெயரைச் சொன்ன அந்தப் பிள்ளை மட்டும் மான்கொம்புப் பிரிவில் ஆடி மூன்றாம் பரிசு வாங்கியது. திரும்பும்போது அதே சாவடி. வேன் நிற்பதற்கு முன்பே பதக்கத்தை எடுத்துச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டது. "கேட்டா இந்த வாட்டி தெருப் பேரச் சொல்ல மாட்டேன்க்கா" என்றது.

"சொல்லு. சத்தமாச் சொல்லு. தெருப் பேரச் சொல்லிட்டு, மெடலையும் காட்டு" என்றேன்.