பாடம் சொல்லித் தருவது யார்?

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு வீடு. தகப்பனார் இருட்டிய பிறகுதான் வேலையில் இருந்து திரும்புகிறார். சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் பையன் அதன் பைக்குள் கை விடுகிறான். தேடுவது மிட்டாய் அல்ல, செல்போன்!

"பாடம் இருக்கிறது, அப்பா" என்கிறான். உண்மையாகவும் இருக்கலாம்.

பிள்ளைகள் இந்தப் பழக்கத்தைத் தாங்களாகத் தேடிக்கொண்டார்கள் என்று சொல்வது சரியல்ல. 2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் செல்போனுக்குள் வந்தது. ஒரே போன் உள்ள வீட்டில் அண்ணனுக்குக் கிடைத்தால் தங்கைக்கு இல்லை. தகப்பனார் அதை வேலைக்கு எடுத்துப் போனால் இருவருக்குமே இல்லை. கல்வித் தொலைக்காட்சியிலும் பாடம் நடந்தது. ஆனால், குழந்தை சந்தேகம் கேட்டால் பெட்டி பதில் சொல்லுமா? எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய நஷ்டம்.

அதற்கு அரசாங்கம் கண்ட பரிகாரம் என்ன? 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை, மாலையில் அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் கூட்டி உட்காரவைத்தார்கள். கதையும் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். செல்போனால் முடியாததைப் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் செய்தார்!

2 முதல் 4 வயதுக் குழந்தைகள் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது. சோறு ஊட்டும்போது போனைக் காட்டும் தாயை மட்டும் குறை சொல்கிறோம். தகப்பனாரும் போனைப் பார்த்துக்கொண்டுதானே சாப்பிடுகிறார்!

முடிச்சூர்த் தகப்பனார் இன்று இரவு போனை அலமாரியில் வைக்கட்டும். பையனின் புத்தகத்தை எடுத்து, "எங்கே, இந்தப் பக்கத்தைப் படி, கேட்கிறேன்" என்று சொல்லட்டும். கால் மணி நேரம் போதும்.