தோத்த டீமுக்கு எதுக்கு ஜெர்சி?

காலேஜ் ஃபுட்பால் டீம் ஒரு வருஷம் தொடர்ந்து தோற்றுவிட்டால் போதும். அடுத்த வருஷம் ஜெர்சிக்கும் பஸ் செலவுக்கும் காசு கேட்டுப் போனால் ஆபீஸ் ரூமில் ஒரே பதில்தான்: "ஜெயிக்காத டீமுக்கு எதுக்குப்பா செலவு?" கீழ்பென்னாத்தூர் பையன் திருவண்ணாமலையில் படித்தாலும் சரி, விழுப்புரத்தில் படித்தாலும் சரி, இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்கிறவர்கள் ஏதோ பெரிய நியாயம் பேசுவது போலத்தான் கேட்கிறார்கள். அது எவ்வளவு ஓட்டை நியாயம் என்று தெரிய வேண்டுமானால் 2018-19 சீசனைப் பார்த்தால் போதும்.

சென்னையின் எஃப்சி அதற்கு முந்தைய சீசனில்தான் ஐஎஸ்எல் கோப்பையை இரண்டாவது முறையாக ஜெயித்திருந்தது. சாம்பியனாக ஆட இறங்கிய டீம் என்ன செய்தது? 18 மேட்ச்சில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தமே 9 பாயின்ட். பத்து டீமில் பத்தாவது இடம்!

கலைத்துவிட்டார்களா? இல்லை. கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழே இறக்கிவிடும் விதி அப்போது ஐஎஸ்எல்லில் கிடையாது. அடுத்த சீசனும் அழுகையோடுதான் ஆரம்பித்தது. 2019 டிசம்பரில் ஜான் கிரிகரிக்குப் பதிலாக ஓவன் கோய்ல் கோச்சாக வந்தார். அதே டீம் ஃபைனல் வரைக்கும் போனது. 2020 மார்ச் 14, கோவாவில், கொரோனாவால் ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றது. தோல்விதான். ஆனால் முந்தின வருஷம் கடைசி இடத்தில் கிடந்த டீம் அது!

"அது கோடீஸ்வரங்க டீம். காலேஜ் டீமும் அதுவும் ஒண்ணா?" என்று உடனே கேட்பார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அதே 2018-19இல் கோவையில் இன்னொரு டீம் ஆடியது. சென்னை சிட்டி எஃப்சி. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ யேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் டீமில். 2019 மார்ச் 9ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று அடித்து ஐ-லீக் சாம்பியன் ஆனார்கள். 43 பாயின்ட்; இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு பாயின்ட் அதிகம். அடுத்த மாதமே சூப்பர் கப்பில் ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூருவையும் 2-1 என்று தோற்கடித்தார்கள்.

பரிசு? ஐஎஸ்எல்லில் இடம் கிடையாது. எட்வின் மட்டும் அடுத்த சீசனில் சென்னையினுக்குப் போனார். ஆளுக்குத் திறந்த கதவு டீமுக்குத் திறக்கவில்லை. ஐ-லீகை ஜெயித்தால் மேலே போகலாம் என்ற வழி நிஜமாகத் திறந்தது 2022-23இல்தான்; அதில் முதலில் நுழைந்தது பஞ்சாப். அதற்குள் சென்னை சிட்டி 2021-22 ஐ-லீகிலேயே இல்லாமல் போயிருந்தது.

ஆக, 13 மேட்ச் தோற்ற டீமுக்கு அடுத்த சீசன் இருந்தது. சாம்பியன் ஆன டீம் காணாமல் போனது. இதில் "ஜெயிச்சாத்தான் காசு" என்ற தத்துவம் எங்கே இருக்கிறது? காசு வைத்திருப்பவர் நினைத்தால் தோற்றவனும் ஆடலாம், நினைக்காவிட்டால் ஜெயித்தவனும் வீட்டுக்குப் போகலாம். நடப்பது அவ்வளவுதான்.

தோற்ற சென்னையினுக்கு மறுவாய்ப்பு கிடைத்தது தப்பே இல்லை. அந்த மறுவாய்ப்பு காசுள்ளவனுக்கு மட்டும் என்பதுதான் தப்பு. காலேஜ் நிர்வாகம் தோல்விக்குக் கணக்குக் கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும். கூடவே இதற்கும் கணக்குச் சொல்லட்டும்: வருஷத்தில் எத்தனை நாள் கோச் வந்தார்? பிராக்டீஸுக்கு எத்தனை பந்து இருந்தது? கிரவுண்டில் கல் பொறுக்கியது யார்?

இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் ஜெர்சிக்குக் காசு இல்லை என்று சொல்லட்டும்.