ட்ரங்குப் பெட்டியைத் திறவுங்கள், தோழர்களே!

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், வால்பாறைத் தோட்டங்களின் தோழர்களே!

"சிலோன்காரன்தானே நீ?" என்று கேலியாகக் கேட்டவர்களைப் பார்த்துவிட்டோம். அதிகாரி கேட்டால்? பிறந்த இடம் இலங்கையின் பதுளை, நுவரெலியா என்று எழுதியிருப்பவர் எதைக் காட்டுவார்? ஆதாரை நீட்டாதீர்கள், அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டவன் அல்ல என்று காட்டும் சுமையையும் வெளிநாட்டவர் குறித்த சட்டம் நம் தலையில்தான் வைத்திருக்கிறது.

1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் தலைகளை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவின் பங்கு. அந்தக் கணக்கில் வந்தவர்கள் அகதிகள் அல்லர். இந்தியக் குடிமக்களாகப் பதிவாகி, இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். அந்தப் பாஸ்போர்ட்டும், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையும்தான் நம் பட்டா.

ஆனால் அப்பா பாஸ்போர்ட்டிலேயே பிள்ளைகள் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். அன்று மடியில் வந்த குழந்தைக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. தன் பெயரில் ஒரு தாள் கிடையாது. அப்பா போய்விட்டார். பாஸ்போர்ட் பெரியண்ணன் வீட்டுப் பரணில். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை! பேசுங்கள் தோழரே, சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. பெற்றோரின் குடியுரிமையையும் காட்ட வேண்டும். தாத்தாவின் தாள் தொலைந்தால் பேத்தியும் மாட்டுவாள்.

இந்த வாரமே லைன் லைனாகப் போவோம். முதலில் வயதானவர்கள் வீடு. எந்தத் தோட்டம், எந்த ஆண்டுக் கப்பல் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். எல்லாத் தாளையும் நகலெடுங்கள். கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் போட்ட பெயர் இன்னொன்று என்றிருந்தால் தனியே குறித்து வையுங்கள். நீங்களே திருத்தாதீர்கள், அது வழக்காகிவிடும். அசலை எந்த புரோக்கரிடமும் கொடுக்காதீர்கள்.

தொலைத்தவர்களை விட்டுவிட மாட்டோம். நம்மை எண்ணி இறக்கிய அரசு, அந்தப் பதிவேடுகளிலிருந்து சான்றிட்ட நகலை இலவசமாகத் தரட்டும். ஒவ்வொரு குடும்பமும் மனு எழுதுங்கள். தனித்தனியாகக் கொடுக்க வேண்டாம். கட்டாகச் சேர்த்து, எல்லாத் தோட்டமும் ஒன்றாக, அவரவர் மாவட்டக் கலெக்டர் ஆபீசுக்கு நடப்போம்!