பல் எடுத்த மறுநாள்

மலைமேல் இருக்கும் வாழவந்தி ஊர்க்காரருக்கு ஞானப்பல் குடைந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும். ஈறைக் கீறிப் பல்லெடுத்த கையோடு பஸ் ஏறுவது தவறு. பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடித்திருந்து, ரத்தம் நின்றதை டாக்டரிடம் காட்டிவிட்டே கிளம்ப வேண்டும்.

குழியில் உறையும் ரத்தம்தான் உண்மையான மருந்து. காறித் துப்பினாலும் பீடி இழுத்தாலும் அது பெயர்ந்துவிடும். பெயர்ந்தால் மூன்றாம் நாள் வலி காதுவரை ஏறும். மலைக்குளிரில் நாக்கு சூடான காப்பி கேட்கும். ஆறிய கஞ்சியே நல்லது. 24 மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாக வாய் கொப்பளிக்கலாம்.

சர்க்கரை இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கூலி போகிறதே என்று மறுநாளே காப்பி மூட்டை தூக்கினால் ரத்தம் மீண்டும் கசியும். எஸ்டேட்டுகள் இரண்டு நாளாவது சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும்.